இயந்திரக் கைக்கு வைத்த சந்தனம்

ஒஸ்லோ
13.10.1989

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

இணுவிற் கந்தன் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். உம்முடைய முழங்கால் வலி எப்படி? எண்ணெய் தவறாமல் பூசும்.

என்னிடம் படித்த அச்சுவேலி அருந்ததிதான் தன் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அளவு குறிக்கும் வேலை எடுத்துத் தந்தவள் என்பது உமக்குத் தெரியும். அங்கே ஓர் இயந்திரக் கையை வேண்டுமென்றே இரும்புத்தூணில் மோதவிடுவார்கள். மோதியபின் அது எப்படி அசையும் என்று அவள் முன்கூட்டியே கணித்துச் சொல்வாள்.

விஜயதசமியன்று, ஒருவரும் இல்லாத நேரம், அந்தக் கையின் நுனியில் நான் சந்தனம் வைத்தேன். அன்றைய மோதலில் கை அவள் சொன்ன அளவுக்குத் திரும்பி வரவில்லை. ஈரச் சந்தனம் வேகத்தை வாங்கிக்கொண்டது என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனாலும் பேசாமல் துடைத்துவிட்டேன்.

மூன்று நாளாகப் பிள்ளை கையை மறுபடி மோதவிடாமல், சரியான கணக்கில் பிழை தேடுகிறாள். திங்கட்கிழமை தன் கணிப்பையே கைவிடுவதாகப் பேராசிரியருக்கு எழுதிக் கொடுக்கப்போகிறாளாம்.

"மாஸ்டர், நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தானே, நான் எங்கை பிழை விட்டனான்?" என்று இன்று சிரித்துக்கொண்டு கேட்டாள். கண் சிவந்திருந்தது.

"திரும்ப ஒருக்காப் பார், பிள்ளை" என்றேன். வெட்கமாக இருக்கிறது.

யாரும் இங்கே வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். கடிதத்தையும் சற்று நீளமாக எழுதும். பழையவை மடிப்பில் கிழிந்துவிட்டன.

அவளிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். இது உமக்குக் கிடைத்தால், நான் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள்ளும்.

கதவடியில் அவளுடைய சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உம்முடைய
ஆழ்வாப்பிள்ளை