அம்மாவோட படத்த நான்தான் எடுத்தேன்

செம்மண்டலம், கடலூர்
ஞாயித்துக்கெழம

அன்பு மக கயல்விழிக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிருல ஒடம்பு நோவு இல்லாம இருக்கணும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு இந்தத் தடவ என்னால எழுத முடியலம்மா. போன்ல சொல்லலாம்னா அம்மா பக்கத்துலயே ஒக்காந்திருக்கா, எனக்கும் கொரல் ஒடஞ்சிடும், அதான் எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன். படிச்சதும் ஒடனே கூப்புடாத, அழுது முடிச்சிட்டுக் கூப்புடு.

ரெண்டு மாசமா அம்மாவுக்குக் காலையில எழுந்தா தலவலி, கண்ணாடி மாத்துனா சரியாயிடும்னு இருந்தோம். அப்பறம் ஒரு நாளு உப்ப எடுங்கன்னு சொல்ல வந்து சாவிய எடுங்கன்னா, ரெண்டு பேரும் சிரிச்சோம். போன செவ்வாக்கெழம சோத்தாங்கை மரத்துப்போயி கரண்டி கீழ விழுந்துது. ஸ்ட்ரோக்குன்னு பயந்து ஆட்டோ வச்சு நான் வேல பாக்குற ஸ்கேன் சென்டருக்கே கூட்டிட்டுப் போயி, சிடி மிஷின்ல நானே படுக்க வச்சேன். இருவத்திமூணு வருசமா எத்தினியோ பேரு தலையப் படம் எடுத்திருக்கேன். ரத்தக்கசிவுன்னா வெள்ளையாத் தெரியும், அடைப்புன்னா அந்த ரத்தக்கொழாய் போற எடம் மட்டும் கறுத்துக் கெடக்கும். இது ரெண்டும் இல்ல. இடது பக்கம் வீக்கம் வெரல் வெரலா பரவி மூளையோட நடுக்கோட்டயே அந்தாண்ட தள்ளியிருந்துது. ஊசியில மருந்து ஏத்தி மறுபடி எடுத்தப்ப பளிச்சினு ஒரு வளையம் வந்துது. வளையம்னா காசநோய்க் கட்டியாவும் இருக்கலாம், புழுக்கட்டியாவும் இருக்கலாம், ரெண்டுத்துக்கும் மாத்திரை இருக்கு. புழுவா இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன், பொண்டாட்டி தலையில புழு இருக்கணும்னு வேண்டுனவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஆனா அந்த வளையம் ஓரமெல்லாம் பிஞ்சு, தடிச்சு, உள்ள செத்துப்போன எடமா இருந்துது. இது புத்துநோய்க் கட்டின்னு என் கண்ணுக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி.

வெள்ளிக்கெழம சிதம்பரத்துல எம்ஆர்ஐ எடுத்தோம். மூளைக்கு நடுவுல பாலம் மாதிரி ஒரு எடம் இருக்கு, கட்டி அதத் தாண்டி வலது பக்கமும் போயிருக்கு, படத்துல பட்டாம்பூச்சி ரெக்க விரிச்சா மாதிரி தெரியுது. நரம்பு டாக்டர் ஸ்ரீமதி பொறுமையாத்தான் சொன்னாங்க, ஆபரேஷன்ல முழுசா எடுக்க முடியாது, துளி எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம், கதிர்வீச்சுக் கரண்ட் வச்சா சில மாசம் கூடலாம்னு. வேற ஏதாவதா இருக்க வாய்ப்பு இருக்கான்னு கேட்டேன். நீங்களே படம் பாத்தீங்களே சார்னு சொல்லிட்டுக் குனிஞ்சிக்கிட்டாங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல அம்மா வார்த்தையத் தேடித் தேடிக் கேட்டா, ஸ்கேனுக்கு வர்றவங்க எல்லாருகிட்டயும் டாக்டர் சொல்லுவாருன்னு சொல்லியே இத்தினி வருசம் ஓட்டிட்டீங்க, எங்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்கன்னு. சொல்லிட்டேன். ஆலப்பாக்கம் வர்ற வரைக்கும் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. அப்பறம் கயலுக்குத் தெரிய வேணாம், புது வேல, பாவம்னா. சரின்னு தலையாட்டிட்டுத்தான் இத எழுதுறேன்.

நேரத்துக்குச் சாப்புடும்மா. மாப்பிள்ளையையும் ஒன்னையும் அந்தப் பாடலீஸ்வரர் கைவிடாம காப்பாத்தணும். டிசம்பர்ல லீவு கெடைக்கும்னு சொன்ன, அது வரைக்கும் இருக்காத, இப்பவே பொறப்படு. வந்தப்பறம் அம்மாவுக்கு ஒன் பேரு வாயில வரலன்னா அழாத, எடுத்தும் குடுக்காத, கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல ஒக்காரு. நேத்தே ரெண்டு தரம் தேடிப் பாத்தா, வரல.

இப்படிக்கு
ஒன் அப்பா
தமிழ்மணி