ஆளுக்கொரு மேசை

மார்ச் 3, ஞாயிறு

என் குண்டூசிக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? போனில் கேட்டால் நாலாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

பிரிந்து ஒன்றரை வருஷம் கழித்துப் பெண்டாட்டியைச் சாப்பிடக் கூப்பிட்டவனுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஹோட்டலில் இடம் கிடைக்காது என்று தெரிய வேண்டாமா? சாப்பிட்டு முடிப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதுதான் அங்கே வழக்கம். நீ ஜன்னலோரம் நின்றாய், நான் கை கழுவுமிடத்தருகே. இரண்டு இடமும் ஒரே நேரத்தில் காலியாகித் தொலைந்தன, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்தோம்.

பழக்கதோஷம், தட்டில் ஒதுக்கிய வெங்காயத்தை சர்வரிடம் கொடுத்து, "ஜன்னலோரம் இருக்காங்களே, அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்றேன். திரும்பி வரும்போது உன் முட்டையின் மஞ்சள் கருவைக் கொண்டுவந்தார்.

"தெரிஞ்சவங்களா சார்?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மஞ்சள் கருவை முதலில் தின்றேன்.

வெளியே வந்து பேசலாமென்றால், அந்த நேரம் பார்த்து யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு, ரிப்பேருக்கு என்னைப் போனில் கூப்பிட்டார்கள். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 6

லிஃப்ட்காரருக்கு,

நான் வந்தது வேறொன்று சொல்ல. இப்படியே பிரிந்து இருந்துவிடுவோம் என்று சொல்லத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உங்கள் வெங்காயம் வந்து காரியத்தைக் கெடுத்தது. எதிரே இருந்தவர் வேடிக்கை பார்க்க, ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

அத்தனை தலைகளுக்கு நடுவே என்னை எட்டி எட்டிப் பார்த்தீர்களே, வீட்டில் இருந்தபோது ஒரு நாளாவது அப்படிப் பார்த்ததுண்டா?

லேபில் இன்று ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது நினைப்பு எங்கோ போய், இரண்டு தடவை குத்திவிட்டேன். அவர் என்னைத் திட்டினார், நான் உங்களைத் திட்டினேன். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் மட்டும் தெரியவில்லை.

குண்டூசி

மார்ச் 9

என் குண்டூசிக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே ஹோட்டலில், கூட்டம் சேருவதற்கு முன்னால் போய் இடம் பிடித்துவிடுகிறேன். ஒரே மேசை, எதிரெதிரே. பதில் எழுதாதே, நேரே வா. நீ வந்து உட்கார்ந்தால், வீட்டுக்கு வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். பெட்டி கட்ட எனக்கென்ன, இரண்டு சட்டையும் ஸ்பானர்களும்தானே.

ஏங்கிக் கிடக்கும்,
உன் லிஃப்ட்காரன்

மார்ச் 16

அன்புள்ளவருக்கு,

நேற்று வந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். எதிர் நாற்காலியில் உங்கள் டூல்ஸ் பையை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வராங்க, இப்ப வந்துடுவாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். ஒரு அம்மா கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனார். உள்ளே ஓடிவந்துவிடலாம் போலிருந்தது.

வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் நீங்கள் பேப்பரைப் பார்ப்பீர்கள், நான் சுவரைப் பார்ப்பேன். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், பேச்சே வந்ததில்லை. இப்போது உங்கள்மேல் கொள்ளை ஆசையாக இருக்கிறது. இதையும் இங்கே கொண்டுவந்து தொலைக்க எனக்கு மனசு வரவில்லை.

திரும்பிப் போய்விட்டேன். கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இனி எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் பதில் போட்டுவிடுவேன்.

குண்டூசி