ரோபோவின் மேல் ஒரு வாளித் தண்ணீர்

சனிக்கிழமை இரவு

இன்று ஏழாயிரம்பண்ணைச் சமுதாயக்கூடத்தில் எங்கள் பள்ளி ரோபோவை ஓட்டிக் காட்டினோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். பாதியில் ஒயர் உரசிச் சின்னதாய்ப் பொறி பறந்தது. அவ்வளவுதான், கூடமே எழுந்து வாசலுக்கு ஓடியது. நாங்கள் நால்வரும் ஒன்றும் புரியாமல் நின்றோம். ஒரு அக்கா மட்டும் திரும்பி ஓடி வந்து, கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை ரோபோவின் மேல் கவிழ்த்துவிட்டார்.

நாளை மறுநாள் மாவட்டப் போட்டி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இது வெடிக்காதுக்கா! இப்படிப் பண்ணிட்டீகளே!" என்று கத்தினேன்.

அவர் காலி வாளியைக் கீழே வைத்தார். "பொறி தெரிஞ்சா போட்டது போட்டபடி வெளிய ஓடணும்னுதான் தாயி கம்பெனில சொல்லிருக்காக. நானும் ஓடிட்டேன். திரும்பிப் பாத்தா புள்ளைக நீங்க உள்ளயே நிக்கிறீக."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேன் வரும்வரை அவர் முந்தானையால் ரோபோவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரோபோவின் சர்க்யூட் போர்டு மின்விசிறிக்கு அடியில் காய்கிறது. ஓடினால் போட்டிக்குப் போவோம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அது வெடிக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் எங்களுக்காக உள்ளே ஓடி வந்தார்.