பேர் தெரியாதவரை

ஜூன் 4
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி திருத்தமாகச் சொல்ல வேண்டுமாம். கோபத்தில் கத்தினால் அதையும் அப்படியே எழுதிவிடுமாம். எழுதட்டும்.

இடுப்பில் தகடு வைத்த பிறகு இந்த மூன்றாவது மாடிக்கு வந்தேன். லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரி நாளில் மகன் என்னை முதுகில் சுமந்து இறங்குகிறான். "கழுத்தை நெரிக்காதீங்கப்பா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்வான். மற்ற நாளெல்லாம் கூடம், கழிவறை, கம்பி அடித்த பால்கனி.

ஜூன் 6
மலையில் என் வீடு சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது. இப்போது தம்பி மட்டும் அங்கே. நாங்கள் இருவரும் ஆயுசு முழுக்க அந்தச் சதுப்பில் பாசி அள்ளினவர்கள். பிழிந்து, காயவைத்து, பூச்செடி வளர்க்கிறவர்களுக்கு மூட்டை கட்டி அனுப்புவோம். இடுப்பு சரியானதும் திரும்பிப் போகலாம் என்றிருந்தேன்.

அங்கே அணை கட்டப்போகிறார்களாம். மருமகளுக்குத் தாவர ஆய்வகத்தில் வேலை. அவளிடம்தான் கேட்டிருக்கிறார்கள்: அந்தப் பாசி எங்கும் கிடைக்கிற சாதாரண இனமா, அந்த மலைக்கே உரியதா? சாதாரணம் என்றால் அணை; வீடு தண்ணீருக்குள். மலைக்கே உரியது என்றால் சதுப்பைச் சுற்றி வேலி; உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாது.

"அப்போ என் வீடு?"

"ரெண்டுலயுமே போயிடும் மாமா" என்றாள். பூசி மெழுகத் தெரியாத பெண்.

ஜூன் 7
அந்தப் பாசியின் பேர் தெரியாதவரை வீடு இருக்கும். அவ்வளவுதானே? தம்பியிடமும் போனில் அதைத்தான் சொன்னேன்.

ஜூன் 11
நுண்ணோக்கியை வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைக் கொடுத்தேன். சிவப்புப் பாசி வேறு, பச்சைப் பாசி வேறு என்று அடித்துச் சொன்னேன். தனித்தனி மூட்டையாகக் கட்டினவன் அல்லவா!

"வெயில்ல வளர்ந்தா சிவப்பு, நிழல்ல வளர்ந்தா பச்சை. ஒரே பாசிதான் மாமா. நீங்க வெயில்ல கருத்துட்டா வேற மாமாவா?"

என்னையும் பார்க்கச் சொன்னாள். இலை ஒரு வலை மாதிரி தெரிந்தது. நிறையக் காலி அறைகள். நடுவே பச்சைக் கோடுகள். அந்தக் காலி அறைகளில்தான் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். இத்தனை காலம் அதைத்தான் பிழிந்திருக்கிறேன்.

இலையை வைத்து இரண்டு இனங்களில் ஒன்று என்பதுவரை வந்துவிட்டாளாம். அதற்கு மேல் வித்துக்கூடு வேண்டும். கடுகு மாதிரி, கரும்பழுப்பாக, சின்னக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். நாங்கள் அதைப் பேன் என்போம். கோடையில்தான் வரும்.

அவள் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டேன். "நல்ல பாசியா ஒரு கட்டு அனுப்புடா" என்றேன்.

ஜூன் 16
கட்டு வந்தது. ஒட்டப் பிழிந்து, நுனியெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஒரு பேன்கூட இல்லாமல் பொறுக்கி எடுத்திருந்தான். பேன் இருந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். எங்கள் கை அப்படிப் பழகின கை.

"எனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கித் தூக்கிப் போட்டிருக்காரே மாமா!" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பாசியை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடிக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

'நல்ல பாசி' என்று சொன்னால் தம்பி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 17
வீடு இன்னும் இருக்கிறது.

ஜூன் 20
இந்த மாதக் கடைசிக்குள் அவள் சொல்லியாக வேண்டுமாம்.

"கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடேம்மா."

"முடியலைன்னா சாதாரணம்னுதான் எடுத்துப்பாங்க மாமா. அடுத்த மாசமே வண்டிங்க ஏறிடும்."

அப்ப இத்தனை நாளா எதைக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்? வீட்டையா? சதுப்பு மொத்தத்தையும் முழுகடிக்க நானே கை குடுத்திருக்கேன், கிழட்டு மடையன் — கால் இருந்தா இப்பவே ஏறிப் போயி நானே ரெண்டு கையாலயும் அள்ளிட்டு வருவேன். கதவைத் திறந்தா படி. படின்னு ஒண்ணை எவன் கண்டுபிடிச்சான்? போதும், நிறுத்து. இதை எப்படி நிறுத்தறது? ஏம்மா, இது எழுதிக்கிட்டே இருக்கு பாரு —

ஜூன் 21
தம்பியைக் கூப்பிட்டேன்.

"பேனோட அனுப்புடா."

"என்னண்ணே, அசிங்கமா அனுப்பச் சொல்றே? மருமக என்ன நினைக்கும்?"

"பிழியாதே. தண்ணியோட டப்பால வை. எவ்வளவு பேன் இருக்கோ அவ்வளவும் வேணும்."

"அந்தப் பேரு தெரிஞ்சா வீடு போயிடும்னியே?"

"தெரியலைன்னா சதுப்பும் சேர்ந்து போயிடும்டா."

 

"கோழிக்கூண்டுக்குப் பின்னால நிறைய வந்திருக்கு" என்றான். அப்புறம், "நான் எங்கண்ணே போவேன்?"



ஜூன் 25
டப்பா வந்தது. வழியெல்லாம் ஒழுகி, கொண்டுவந்த பையன் முகத்தைச் சுளித்தான். உள்ளே கரும்பழுப்பாக அத்தனை பேன்.

ஜூன் 27
மேசையிலிருந்து அவள் தலை நிமிர்ந்தபோதே தெரிந்துவிட்டது.

"அந்த மலையோடதுதான் மாமா. வேற எங்கேயும் இல்ல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சந்தோஷப்படலாமா கூடாதா என்று நின்றாள். "போய் உன் புருஷன்கிட்ட சொல்லும்மா" என்றேன். அடுப்படியில் இரண்டு பேரும் குதித்தது இங்கே தரையில் கேட்டது. நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 9
இன்று தம்பி வந்து சேர்ந்தான். வேலிக் கம்பம் நட ஆரம்பித்துவிட்டார்களாம். கோழிகளை மலையில் ரோடு போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டானாம். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவன், தண்ணீர் குடித்துவிட்டு வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

சாப்பிட்டதும் பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இங்க உக்காந்து என்னண்ணே பார்ப்பே?"

"எதிர் வீட்டு ஜன்னல்ல ஒருத்தன் சவரம் பண்ணுவான். பாதி மீசையை எடுத்துட்டு, யோசிச்சுக்கிட்டே நிப்பான்."

"எப்போ வருவான்?"

"வருவான். உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.