அஞ்சாவது கை

கோவில்பதாகை,
18.1.2025

அன்புள்ள சுதாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது, பார்த்துக்கொள். புனே குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு உன் அண்ணி, தன் வீட்டில் தங்கிப் படிக்கும் உன் மகளிடம் கொடுத்தனுப்பிய அதிரசத்தில் அவள் எனக்கு இரண்டே இரண்டு தந்தாள். மிச்சம் முழுக்க அவள் வயிற்றுக்குள்.

நேற்று கூடைப்பந்து செமி பைனலில் லாவண்யாவை நான் பாதி ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தது உண்மைதான். கூட ஆடும் தேவிப்பிரியா ரிங்குக்குக் கீழே தனியாக நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். உன் மகளோ எதிராளிகள் மூன்று பேரை இடித்துக்கொண்டு தானே போடப் போகிறாள். போட்டும் விட்டாள். கூட்டம் கைதட்டியது, கோச்சான எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து பேர் கையும் படாமல் பந்து ரிங்குக்குப் போகக் கூடாது என்பது நான் கண்டுபிடித்ததா? நம் குணசேகரன் சார் பழக்கியது. "அஞ்சு கை பட்டாத்தாம்மா அது பந்து. இல்லாங்காட்டி அது உங்க ஊட்டுத் தேங்கா, எடுத்துகினு போய்க்கினே இரு" என்று அவர் கத்தும்போது நீதான் முதலில் சிரிப்பாய்.

போன ஞாயிறு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போனேன். நாம் விடிகாலையில் முள்ளுக்குள் ஓடிய கரையில் இப்போது நடைபாதை, பெஞ்சு எல்லாம் போட்டிருக்கிறார்கள். காலெல்லாம் சேறாக, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோமே, அது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நீ இல்லையே என்று இருந்தது.

பைனல் பிப்ரவரி எட்டாம் தேதி, வேப்பம்பட்டில். அதுவரை அவள் சாப்பாடு என் பொறுப்பு.

உன்
ஜெயா


புனே,
25.1.2025

ஜெயாவுக்கு,

ஏரிக்கரையைப் படித்துச் சிரித்தேன். அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

பைனலுக்கு ரயில்வேக்காரர்கள் வருகிறார்களாம், ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பார்களாம். நீ ஒரு வரிகூட எழுதவில்லை, லாவண்யா சொல்லித்தான் தெரியும். அவள் அப்பாவின் கம்பெனியை எப்போது மூடுவார்களோ என்று இங்கே தினம் பயந்துகொண்டிருக்கிறோம். அந்த வேலை அவளுக்கு வேண்டும், ஜெயா. பந்தைப் போடுகிறவளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். கொடுக்கிறவளை யார் பார்த்தார்கள்? நீ கொடுத்த பந்தைப் போட்டுத்தான் நான் மாநில டீமுக்குப் போனேன். உன்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த எரிச்சலை இத்தனை வருஷம் வைத்திருந்து இப்போது என் பெண்ணிடம் காட்டுகிறாயோ என்று தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவிட்டேன்.

அவளை உட்கார வைக்காதே. அவளைப் போட விடு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

சுதா


கோவில்பதாகை,
10.2.2025

சுதாவுக்கு,

பைனல் முடிந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

லாவண்யாவை நான் உட்கார வைக்கவில்லை. வைக்கும்படி அவளும் ஆடவில்லை, அழகாகக் கொடுத்து வாங்கி ஆடினாள். கடைசிப் பந்து அவள் கையில்தான் இருந்தது. நாலு கை பட்டாகிவிட்டது, தேவிப்பிரியா மட்டும் பாக்கி. லாவண்யா நின்ற இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவள் தேவிக்குக் கொடுத்தாள். தேவி போட்டது ரிங்கில் பட்டு வெளியே விழுந்தது. ரயில்வேக்காரர்கள் எதிர் டீம் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நீ எழுதியதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னை மாநில டீமுக்கு எடுத்த அன்று ஆவடி ஸ்டேஷனில் எல்லாரும் பார்க்க உன்னைத் தூக்கிச் சுற்றினேன். அது நடிப்பென்று நீ நினைத்தால் நான் என்ன செய்ய முடியும்? மனசு ரொம்ப வலித்தது, சுதா.

தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. லாவண்யா மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்தாள். உப்பு கொஞ்சம் அதிகம்.

ஜெயப்பிரியா


புனே,
16.2.2025

என் ஜெயாவுக்கு,

தேவிப்பிரியாவின் அக்கா எடுத்த வீடியோவை லாவண்யா நேற்று அனுப்பினாள். கடைசிப் பந்தின்போது ஒரு குரல் மட்டும் கூட்டத்தை மீறிக் கேட்கிறது. "நீயே போடுடீ! குடுக்காத! லாவண்யா, நீயே போட்டுடுடீ!" அதைத்தான் நானும் இங்கே உட்கார்ந்து மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கேமரா திரும்பியது. பெஞ்சை விட்டுக் கோடு வரை ஓடி வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நீ.

உடனே அவளுக்குப் போன் போட்டு, ஏன்டீ கேட்கவில்லை என்றேன். "மேம் கத்துனது காதுல உயுந்துச்சும்மா. ஆனா தேவி காலியா நின்னுகினு கீறா. அஞ்சாவது கை அவளுது. மேமே சொன்னாலும் எப்டிம்மா போடறது?" என்றாள்.

நீ கத்தியதை எனக்கு எழுதவேயில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்று மட்டும் எழுதத் தெரிந்தது.

வேலை போனதற்கு ஒரு வாரமாக அழுதேன். இன்று அழுவது அதற்கில்லை. பொறாமைக்காரிக்கு அப்படிக் குரல் வராது, ஜெயா.

மார்ச்சில் வருகிறேன், நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. லாவண்யாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. தப்பாக ஆடினால் உட்கார வை. ஆனால் இன்னொரு தடவை அவளிடம் அப்படிக் கத்தாதே. நான் கெஞ்சினாலும் கத்தாதே.

உன்
சுதா