அகராதியில் பார்க்கணும் என்றேன்

ஈப்போ,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரளா,

உன் மகன் கேட்டதற்கு இன்று நான் ஏன் பதில் சொல்லவில்லை? உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

உன் யுகேந்திரனைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். கல்யாணத் தேதி வைப்பதற்கு முன் பிரமிளாவின் தாய்மாமன் அவனைப் பார்க்கவேண்டும் அல்லவா? செமோரிலிருந்து ஜெயபாலன் அண்ணன் வந்தார். முதலில் நன்றாகத்தான் போயிற்று. தாப்பா பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவில் உன் மாமனார் பறையடித்ததை யுகேந்திரன் பெருமையாகச் சொன்னான். அண்ணனும் தலையாட்டிக் கேட்டார். பிறகு கோயில் கமிட்டிப் பேச்சு வந்தது. பழைய செயலாளரோடு இப்போது யாரும் பேசுவதில்லையாம். "அவன் இப்ப பரையா லா" என்று அண்ணன் சிரித்தார்.

பிரமிளா கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணனுக்கு உறைத்துவிட்டது. "ஏய், அது இங்கிலீஷ் வார்த்தை. ஒதுக்கி வச்சவன்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்கம்மாவக் கேளு, யூனிவர்சிட்டியில வார்த்தைங்களப் பத்தித்தானே படிச்சா" என்றார்.

யுகேந்திரன் என் பக்கம் திரும்பினான். "அந்த வார்த்த எங்கேர்ந்து வந்துச்சு, ஆண்ட்டி?"

பறையடித்தவர்களின் பெயர் அது. தமிழகக் கரைக்கு வந்த ஐரோப்பியர் எடுத்துப்போனார்கள். எங்களைப் போன்றவர்கள் பறையர்களை நடத்திய விதத்தையே ஆங்கிலம் அதற்குப் பொருளாக வைத்துக்கொண்டது. வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இன்று, "அகராதியில பார்க்கணும்பா" என்றேன். அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மேடையில் பிரமிளாவுக்கு மாமன் மாலை போட ஆளில்லையே என்றுதான் மனம் ஓடியது. உன் மகன் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தான். ரசம் நன்றாக இருந்தது என்றான்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேனா, நீ என்னை மோசமாக நினைத்துவிடக் கூடாது என்று எழுதுகிறேனா, எனக்கே நிச்சயமில்லை. அங்கே பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். என்னை வைத்துப் பிரமிளாவை எடைபோட்டுவிடாதே.

அன்புடன்,
புனிதா

திங்கள். அனுப்புமுன் இதையும் சேர்க்கிறேன். இன்று செமோருக்குப் போய் அண்ணனிடம் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். "அப்ப வேற மாமனப் பாத்துக்க" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். காரில் உட்கார்ந்து யுகேந்திரனை அழைத்து, மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "அந்த வார்த்தையோட கத எனக்கு அப்பவே தெரியும், ஆண்ட்டி. நேத்து மாமா முன்னாடி சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்" என்றான். மறுபடி எப்போது வீட்டுக்கு வருவாய் என்றேன். வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றான்.