எதையும் தொடாதே, மில்டன்

சிட்னி
1994 மார்ச் 6

அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வசவுக்கும் உரிய மில்டனுக்கு,

டார்வின் எழுதுகிறேன். நலம். நீயும் உன் முதுகுவலியும் உன் ஃபோர்டும் மினாஸில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, மூன்றும் காலையில் எழுந்திருக்க ஒரே மாதிரிதான் முனகும்.

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மர்த்தா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நம் ஊரில் டீ மாதிரி ஊற வைத்துக் குடிக்கிற மாத்தே இலைகூட இங்கே ஒரு கடையில் கிடைக்கிறது. மாப்பிள்ளையின் காரில் ஏறினால்தான் ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்து போவது போல இருக்கிறது. சத்தமே இல்லை. ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீங்கள் எல்லாம் எந்த மலையில் எந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பரில் எனக்கு எழுபது. ஊருக்கு வருகிறேன். நம் பழைய கார்ச் சங்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? எழுபது ஆனவனின் காரை அவனுக்குத் தெரியாமல் பிரித்து மேய்ந்து, அன்றுதான் கடையிலிருந்து இறங்கியது போல ஆக்கிக் கையில் கொடுப்பீர்கள். வால்தெமாருக்கு எழுபது ஆனபோது அவன் காருக்கு நானே ராத்திரி பகலாக மெருகு போட்டவன். என் செவர்லேயிடம் அந்த வேலை வேண்டாம். உன் கொட்டகையில் விட்டு வந்த மாதிரியே இருக்கட்டும். ஸ்டியரிங் வெடிப்பு, சீட்டுக் கிழிசல், தூக்கிச் சாத்த வேண்டிய கதவு, எதையும் தொடாதே. தொட்டால் கையை முறிப்பேன்.

வரிகள் கோணலாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடியைத் திட்டிக்கொள்.

உன் தலைவிதி,
டார்வின்


மினாஸ்
1994 ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய ஆஸ்திரேலியக் கனவானே,

கடிதம் வந்தது. அது கடிதம்தானா என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு குவளை மாத்தே ஆனது. ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்த வரி ஓடைக்குள் இறங்குகிறது. எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு, "யாருங்க, பேரப்பிள்ளையா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "இல்ல, எழுபது வயசுக் கழுதை ஒண்ணு. அங்கே போய்த்தான் குடிக்கப் பழகியிருக்கு" என்றேன்.

போன ஞாயிறு வில்யா செர்ரானாவுக்குப் போனோம். ஏற்றத்தில் என் வண்டி நின்றுவிட்டது. நான் பெட்ரோல் போட மறந்தேன், அவ்வளவுதான். வால்தெமார் தன் ரொட்டிக் கடை வேனில் கயிறு கட்டி இழுத்தான். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரொட்டி! சூடான ரொட்டி! கூட ஒரு பழைய கிழவன் இலவசம்!" என்று கூவிக்கொண்டே வந்தான். நீ இருந்திருந்தால் இன்னும் மோசமாகக் கூவியிருப்பாய்.

உன் கடிதத்தைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். இறைச்சி வெந்துகொண்டிருந்தது, எல்லாரும் இருந்தார்கள். "தொட்டால் கையை முறிப்பேன்" என்ற இடம் வந்ததும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்துவிட்டான். "நானும் இப்படித்தான்டா கத்துனேன்!" என்றான் வால்தெமார். "வேண்டாம்னேன், கொன்னுடுவேன்னேன். அப்புறம் வண்டியப் பாத்துட்டு யாரு கொழந்த மாதிரி அழுதது? நல்லாக் கத்தட்டும். சத்தமா வேண்டாங்கறவனுக்குத்தான் பெயின்ட் ரெண்டு கோட்டு ஜாஸ்தி!"

ஆகவே உன் காரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சீட் தைக்கிறவர் என் கொட்டகைக்கு எதற்கு வந்தார் என்று நீயும் கேட்காதே.

உன் கெட்ட காலம்,
மில்டன்


சிட்னி
1994 மே 8

மில்டன்,

இதை யாருக்கும் படித்துக் காட்டாதே. உட்கார்ந்து தனியாகப் படி.

உருகிப் பேசுகிறவன் எல்லாருக்கும் ஒயின் வாங்க வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். வாங்குகிறேன். ஒரு பீப்பாயே வாங்குகிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் விளையாட்டில்லாமல் படித்துவிடு.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாற்றிச் சரியாகிற சங்கதி இல்லை. கண்ணின் நரம்பு காய்ந்து வருகிறதாம். பெரிய டாக்டர் ஒருவர் படம் போட்டு விளக்கினார், அந்தப் படமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வருஷக் கடைசிக்குள் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சுமாம். இப்போதுகூட மர்த்தா காகிதத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பிடித்திருக்கிறாள். அதன் ஓரமாகவே எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்று பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள், நல்ல பெண்.

இந்த வீட்டில் எல்லாம் புதிது. எது எங்கே என்று என் கைக்குத் தெரியவில்லை. குளியலறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறேன், தவறான கதவைத் திறக்கிறேன். நேற்று அலமாரிக்குள் நின்றுகொண்டு விளக்குப் பொத்தானைத் தேடினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மில்டன். சொல்லிவிட்டேன்.

உலகத்தில் என் கைக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான் பாக்கி. அந்த செவர்லேயின் முன்சீட்டு. கட்டைவிரல் போய் உட்காருகிற வெடிப்பு, தொடையில் உரசுகிற கிழிசல், கியர் போடும்போது எழும் அந்த உறுமல். அதில் உட்கார்ந்தால் நான் குருடனாக இருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். நவம்பரில் பழைய விமானத் திடலுக்கு வண்டியைக் கொண்டு போவோம். நீ பக்கத்தில் உட்கார்ந்து இடம் வலம் சொல், நான் ஓட்டுகிறேன். ஒரே ஒரு தடவை.

நான் வேண்டாம் என்றது வழக்கத்துக்காகச் சொன்ன வேண்டாம் இல்லை. ஏதாவது தொடங்கியிருந்தால் நிறுத்திவிடு. நடந்தது என்னவானாலும் உள்ளதை எழுது.

டார்வின்


மினாஸ்
1994 ஜூன் 5

அன்புள்ள டார்வின்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தனியாகத்தான் படித்தேன்.

உன் காரை யாரும் தொடவில்லை. போன தடவை நான் எழுதியது வெறும் வேடிக்கை. சீட் தைக்கிறவர் வந்தது என் ஃபோர்டுக்கு. நீ விட்டுப் போன மாதிரியே எல்லாம் இருக்கிறது. நீ நிம்மதியாக வா.

இங்கே குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மில்டன்


மினாஸ்
1994 டிசம்பர் 11

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நண்பன் டார்வினுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். விமானத்தில் சிரமம் ஒன்றும் இருந்திருக்காதே? மர்த்தா கூட இருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று திடலில் நீ மிக அழகாக ஓட்டினாய். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. கண் நன்றாகத் தெரிகிறவர்களே அவ்வளவு நேராக ஓட்ட மாட்டார்கள். திருப்பத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. வால்தெமார் இப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் அனைவரும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

கார் நீ விட்டுப் போன மாதிரியே இருந்ததல்லவா? நீ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருந்திருப்பாய். விரலில் பட்ட காயம் ஆறிவிட்டதா? மருந்து போட்டுக்கொள், அலட்சியமாக விட்டுவிடாதே.

நீ எப்போது வந்தாலும் கார் உனக்காகத் தயாராக இருக்கும். தைரியமாக இரு. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

என்றும் உன் நலம் நாடும்,
மில்டன்


சிட்னி
1995 ஜனவரி 15

மில்டன்,

நான் சொல்லச் சொல்ல மர்த்தா எழுதுகிறாள். ஸ்கேல் வைத்தும் இனிப் பயனில்லை.

ஸ்டியரிங் வெடிப்பு சரியான இடத்தில்தான் இருந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஏதோ பழைய போட்டோவை வைத்து அளந்திருப்பாய், உன் வேலைச் சுத்தம் எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் ஒருவனுடைய கட்டைவிரல் தேய்த்த வெடிப்பு விரலை அறுக்காது. உட்கார்ந்ததும் அறுத்தது. கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது, சரிதான், கீலைத் தளர்த்தியிருக்கிறாய். கிழிசலும் இருந்தது. பெயின்ட் வாடை தெரியாமலிருக்கத் தரை விரிப்பில் பெட்ரோல் தெளித்திருந்தாய். அலமாரிக்குள் நின்றபோது இருந்த மாதிரியேதான் அங்கேயும் இருந்தேன். எது எங்கே என்று தெரியாமல் இன்னொருவன் காரில் உட்கார்ந்திருந்தேன்.

இது என் சந்தேகம் மட்டும் என்றால் விழுங்கியிருப்பேன். கிளம்புவதற்கு முந்தின மாலை வால்தெமார் குடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதான். "மில்டன் பாவம்டா. உன் லெட்டர் வந்தப்ப பழைய சீட்டையெல்லாம் எரிச்சாச்சு, ஸ்டியரிங்கு பழைய இரும்புக்குப் போயாச்சு. அந்தப் புது வண்டிய மாசக்கணக்கா உக்காந்து பாத்துப் பாத்துக் கெடுத்தான். ரம்பத்த வச்சுக்கிட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டே அறுத்தான்" என்றான். உன்னை அப்படி நினைத்துப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது.

காரைப் புதுசாக்கியதற்கு உன்மேல் கோபம் இல்லை. வால்தெமாரும் வேண்டாம் என்றுதான் கத்தினான், நானும் சிரித்துக்கொண்டேதான் அவன் காருக்கு மெருகு போட்டேன். அது மெய்யாகவே வேண்டாமாக இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஜூன் மாதம் நீ ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். "போச்சுடா கழுதை, எல்லாத்தையும் எரிச்சுட்டேன்" என்று. நான் இங்கே உட்கார்ந்து ஒரு வாரம் உன்னைச் சபித்திருப்பேன். பிறகு வந்திருப்பேன். அந்தப் புதுக் காரிலேயே இருவரும் போயிருப்போம்.

திடலில் நான் ஓட்டியபோது நீ எப்படிப் பேசினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "கொஞ்சம் இடது பக்கம், டார்வின்." "அருமை, டார்வின்." "அப்படியே, ரொம்ப நல்லா இருக்கு." திருப்பத்தில் நான் முள்வேலியை இடித்தேன். சத்தம் எனக்குக் கேட்டது. நீ, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாய். பின்னாலிருந்து யாரும் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் வேலியை இடித்தவனைப் பார்த்து நம் ஆட்கள் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் கேட்டேன். எனக்குக் கண் போனது டாக்டர் சொன்ன நாளில் இல்லை, மில்டன். அன்று போயிற்று.

காரை விற்றுவிடு. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்களாமே, அவர்களுக்குக் கொடு. பணத்தைச் சங்கத்தில் ஒயினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உன் பழைய கடிதங்களை எடுத்து வாசிக்கச் சொல்லி மர்த்தாவிடம் கேட்டேன். அவள் உன் மடியில் வளர்ந்தவள், உன்மேல் அவளுக்கு மரியாதை உண்டு, என்மேலும் உண்டு. நீ என்னைத் திட்டுகிற இடம் வந்தால் அவள் அதை விட்டுவிட்டு மேலே போகிறாள். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைக்கிறாள். அப்படி விட்டுவிட்டு வாசித்தால் உன் கடிதம் ஒவ்வொன்றும் இரண்டு வரிதான் வருகிறது. பெட்ரோல் விலை, குளிர், முடிந்தது. இதையும் அவளே எழுதுகிறாள், எழுதட்டும்.

உன் டிசம்பர்க் கடிதத்தை மட்டும் அவள் எங்கேயும் நிறுத்தாமல், ஒரு சொல்கூட விடாமல் முழுக்க வாசித்தாள்.

இனி எழுதாதே.

டார்வின்